சுயேச்சை வேட்பாளரின் மனைவி

ஜூலை 27

இன்று அவருக்குப் பிரிவு உபசாரம். ஹோல்பெக்கில் எந்த விசேஷமானாலும் தீயணைப்பு நிலையத்தில்தான். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, டீசல் வாடைக்கு நடுவில் மேஜை போட்டுச் சாப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக நெப்ராஸ்காவின் இந்த மூலையில் மாட்டு வைத்தியம் பார்த்த மனிதர், ஊரே திரண்டு வந்திருந்தது. அறவாழி என்ற பெயர் வாயில் நுழையாமல் அவரை டாக் ஆரோ ஆக்கிக்கொண்ட ஊர். மரகதமாகிய நான் மார்ஜி.

கேக் வெட்டியதும் மைக்கைப் பிடித்தார். எடிசனைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறுபத்தைந்தில் ஓய்வு, அதற்கு மறுமாதம் நியூஜெர்சியின் எடிசன் நகரத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடித்தனம் என்று எனக்கு அவர் வாக்குக் கொடுத்துப் பல வருடம் ஆகிறது. கறிவேப்பிலைக்காக நான்கு மணி நேரம் கார் ஓட்டாத வாழ்க்கை.

அவர் சொன்னது வேறு. கவுண்டி கமிஷனர் பதவிக்கு நிற்கிறாராம், அதுவும் சுயேச்சையாக. கவுண்டி என்றால் நம் தாலுகா மாதிரி. ரோடு, பாலம், வரி எல்லாம் கமிஷனர்கள் கையில். ஊர் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் பார்ப்பார்கள்.

காரில் வரும்போது கேட்டேன். "ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா?"

"சொன்னா நீ வேண்டாம்பே."

"அப்ப எடிசன்?"

"நாலு வருசந்தானே மரகதம். கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிப்போயிரும்."

அவர் அப்பா நாமக்கல் பக்கம் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்தவர். அந்தக் கிறுக்கு ரத்தத்தில் இருக்கிறது. இத்தனை நாள் மாட்டுக்கு ஊசி போட்டதில் அடங்கியிருந்தது.

ஆகஸ்ட் 3

ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று காலை தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடக்கும்போது ஆர்லீன் என் வயிற்றில் பால் வார்த்தாள்.

ஆர்லீன் கவுண்டி ஆபீசில் தேர்தல் வேலைகளைப் பார்ப்பவள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு கிழட்டுப் பூனை. பத்து வருடமாக என்னோடு நடக்கிறாள். இந்த ஊரில் என்னை மரகதம் என்று முழுசாகக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். என் நாக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகினாள்.

"உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஆனா இந்த ஊர் ஓட்டை எண்ணி எண்ணி என் தலை நரைச்சிருக்கு" என்றாள். "பத்துல ஒன்பது யானைக் கட்சிக்கு. ஆள் பேரையே படிக்க மாட்டாங்க. யானைக்கு நேரா குத்திக்கிட்டே கீழே இறங்குவாங்க."

"அந்தப் பத்தாவது ஆள்?"

"வெளியே சொல்ல மாட்டார்" என்று சிரித்தாள். அவளேதான் அந்தப் பத்தாவது ஆள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் கேட்டதில்லை.

யானைக் கட்சி, அதாவது குடியரசுக் கட்சி, சார்பில் நிற்பவன் கெர்க் ரோடர். தீவனம் விற்கிறவன். சேர்ந்தாற்போல் நான்கு வாக்கியம் பேச வராது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் யானை இருக்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன். இந்த ஊர் மாறாது. மாறாத ஊர் என்றால் எனக்கு இன்று எவ்வளவு பிரியம்.

ஆகஸ்ட் 24

சுயேச்சையாக நிற்க ஊர்க்காரர்கள் கையெழுத்து வேண்டுமாம், அந்த வேட்டை முடிந்து மனுவும் ஏற்கப்பட்டுவிட்டது. கையெழுத்து போடுவது சும்மா மரியாதைக்கு.

அவரோடு பண்ணை பண்ணையாகப் போனேன். வேட்பாளரின் மனைவி கூடவே நிற்க வேண்டுமாம். வெர்னன் ஸ்டால் வீட்டில் நிறைய நேரம். ஊரிலேயே பெரிய மாட்டுக்காரர், யானைக் கட்சியின் உள்ளூர்த் தலைவரும் அவர்தான். பனிப்புயலில் இவர் போய் நின்று அவருடைய கன்றுகளைக் காப்பாற்றிக் கொடுத்த கதையை மறுபடி முழுசாகச் சொன்னார். கூடத்தில் அவர் தாத்தாவின் படம். அந்தத் தாத்தா காலத்தில் ஊர் மொத்தமும் கழுதைக் கட்சிதானாம், அதாவது ஜனநாயகக் கட்சி. கோதுமை விலை விழுந்தபோது அரசாங்கம் கைகொடுத்ததற்காக ஒரு தலைமுறையே நன்றியோடு குத்தியதாம். பிறகு அதே அரசாங்கம் தண்ணீருக்கும் சாணிக்கும் சட்டம் போட ஆரம்பித்ததும் மொத்தமாக இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

"டாக், நான் வாழ்க்கையில கட்சி மாறிக் குத்தினதில்ல" என்றார் வெர்னன்.

இவர் முகம் தொங்கிப்போனது. நான் எலுமிச்சை ஜூஸை ரசித்துக் குடித்தேன்.

செப்டம்பர் 15

வீட்டு வாசல் புல்லில் குத்தி வைக்கும் பெயர்ப் பலகைகள் வந்தன. பச்சையில் வெள்ளை எழுத்து, ஆரோ என்றால் இங்கிலீஷில் அம்பு என்பதால் ஒரு அம்புப் படம். அச்சடித்தவன் அம்பைக் கீழ்நோக்கிப் போட்டுவிட்டான். "கீழே போகற மாதிரி இருக்குதே மரகதம்" என்று வருத்தப்பட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 22

அரிசி தீர்ந்துவிட்டது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. தேவாலயத் தெருவில் நான்கு வீட்டில் பச்சைப் பலகை.

செப்டம்பர் 29

தேவாலயத் தெருவில் ஒரு வீடு விடாமல் பச்சை. யானைப் பலகை இருக்கும் வாசலிலேயே பக்கத்தில் இவருடையதும் நிற்கிறது, மாமியாரும் மருமகளும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. ஆர்லீனிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினாள். "எனக்கே புதுசா இருக்கு. டாக் யானையும் இல்ல, கழுதையும் இல்ல. அதனால கட்சி மாறின பாவம் வராதுன்னு நினைக்கிறாங்க போல."

அக்டோபர் 6

வெர்னன் வாசலிலும் பச்சைப் பலகை.

இவர் காரை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. "நம்மள மனுசனா மதிச்சுட்டாங்க, பாத்தியா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருடமாக வெள்ளைக்காரன் தேவாலயச் சாப்பாட்டில் உப்பில்லாத உருளைக்கிழங்கைப் புன்னகையோடு தின்றேன். ஒருநாளும் என்னை யாரும் இன்னொரு கரண்டி என்று கேட்டதில்லை. இப்போது என்னை இங்கேயே கட்டிப்போட மட்டும் அன்பு பொத்துக்கொண்டு வருகிறது.

மகள் யாழினியிடம் போனில் அழுதேன். "ம்மா, மாடி ரூம் உனக்குத்தாம்மா வெச்சிருக்கேன், எப்ப வர்றேன்னு மட்டும் சொல்லு. இவரு வேற கேட்டுட்டே இருக்காரு" என்றாள். இவர் என்றால் மாப்பிள்ளை. என்ன கேட்கிறார் என்று அவள் சொல்லவில்லை.

அக்டோபர் 13

இந்த வருடம் தீபாவளி தேர்தலுக்கு முந்திய வாரம் வருகிறது. வருடா வருடம் தெருவுக்கும் பண்ணைகளுக்கும் மைசூர்பாகு கொடுப்பது எங்கள் பழக்கம். இவர்கள் அதை மஞ்சள் மிட்டாய் என்பார்கள். ஆர்லீனுக்கு மட்டும் அட்டைப் பெட்டி கிடையாது, என் எவர்சில்வர் டப்பா. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிஸ்கட்டோ தக்காளியோ, ஏதாவது போட்டுத்தான் தருவாள்.

இன்று நடக்கும்போது அவளே பேச்செடுத்தாள். "மரகதம், மஞ்சள் மிட்டாய் தாராளமா குடு. வருஷா வருஷம் குடுக்கறதுதானே, யாரும் கேக்க முடியாது. ஆனா டாக்கோட பிரசார அட்டை மட்டும் பெட்டியில இருக்கக்கூடாது. இருந்துச்சுன்னா அது ஓட்டுக்குக் குடுத்த மாதிரி ஆயிடும். என் கண்ணுல பட்டா நான் மேலே எழுதித்தான் ஆகணும். எனக்கு வேற வழியில்ல."

நல்ல குளிர். திரும்பும் வழியில் காதில் சால்வையை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 14

நெய், கடலை மாவு, சர்க்கரை வாங்க ஒமாஹா போனோம். வழியெல்லாம் பாலம் கட்டப்போகும் கதையே பேசிக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 25

மூன்று நாளாக அடுப்படி. முதல் தடவை நன்றாக வந்தது. அப்புறம் பாகு முற்றிவிட்டது. கத்தி போட்டால் கத்தி திரும்பி வருகிறது. இவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "எலும்புக்கு நல்லது" என்றார். அந்தக் காலத்தில் நான் சிரித்திருப்பேன்.

பெட்டி கட்டும்போது மேலே ஏதாவது வைத்தால் பார்வையாக இருக்கும் என்று தோன்றியது. அவருடைய அட்டைகள் கட்டுக்கட்டாக மேஜையிலேயே கிடந்தன. சிரித்த முகம், கன்றுக்குட்டி, கீழே அம்பு.

"அட, இது எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார். "வெக்கலாமா? ஒண்ணும் தப்பில்லையே?"

"தீபாவளிப் பலகாரத்துல என்னங்க தப்பு?"

என் தலையைத் தடவிக்கொடுத்தார். கை முழுக்க நெய்.

அக்டோபர் 28

கொடுத்து முடித்தாயிற்று. ஆர்லீன் டப்பாவை மட்டும் நானே ஆபீசுக்குக் கொண்டுபோனேன். வேலை நெருக்கடியில் வீட்டில் இருக்க மாட்டாள் அல்லவா. கவுண்டரில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் எதிரிலும் திறந்து நீட்டினேன். மேலேயே அவருடைய அட்டை.

ஆர்லீன் டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மரகதம்" என்றாள், அவ்வளவுதான்.

"ஹேப்பி தீபாவளி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 30

கவுண்டி வக்கீலிடமிருந்து நோட்டீஸ். வாக்காளர்களுக்குப் பொருள் கொடுத்ததாக விசாரணையாம். ரேடியோவில் மாட்டு விலை சொல்லி முடித்ததும் இதைச் சொன்னார்கள்.

அக்டோபர் 31

தீபாவளி. ஹாலோவீனும் இன்றேதான். எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுப் புடவை கட்டிக்கொண்டேன். அவர் குளிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லஞ்சம் குடுத்தவன்னு பேரு வந்துருச்சே மரகதம். எங்கப்பன் டெபாசிட் எழந்தாரு, ஆனா இந்தப் பேரு வாங்கல."

"உங்க மேல தப்பில்லீங்க."

"ஒன்ற மேலயும் இல்ல. நீ ஆசையாச் செஞ்சே."

சாயங்காலம் வேஷம் போட்ட குழந்தைகள் வந்தார்கள். எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். ஒரு சின்னச் சூனியக்காரி படி ஏறி வந்தாள், அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்க்கட்டும். இந்த ஊர் எப்படிப்பட்டது என்று எப்போதாவது பார்த்துத்தானே ஆகவேண்டும்.

இரவு ஒரு பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். குளிர்காலத்துத் துணிகளை வேண்டாம் என்று ஒதுக்கினேன். எடிசனில் இவ்வளவு குளிர் இல்லை.

நவம்பர் 2

வெர்னன் ரேடியோவில் பேசினார். அந்தக் கிழவருக்கு இவ்வளவு குரல் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"என் தண்ணியில கை வெச்சீங்க, என் சாணியில கை வெச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப ஒரு மாட்டு டாக்டர் பண்டிகைக்குக் குடுத்த மிட்டாய் வரைக்கும் கவர்மென்ட் வந்தாச்சு. எவன் என்ன திங்கணும்னு சொல்ல நீங்க யாரு? செவ்வாய்க்கிழமை நான் டாக்குக்குத்தான் குத்தப்போறேன். எங்கப்பா கல்லறையில புரண்டாலும் சரி."

மத்தியானத்துக்குள் பச்சைப் பலகைகளின் மேல் மஞ்சள் ரிப்பன். கடையில், பெட்ரோல் பங்கில், எங்கே பார்த்தாலும் மஞ்சள். கெர்க் ரோடரே ஒரு ரிப்பன் கட்டிக்கொண்டு திரிகிறான் என்று சொல்கிறார்கள். அவனுக்கு எதற்கு என்று புரிந்ததா தெரியவில்லை.

பெட்டியில் அடுக்கிய துணிகள் அப்படியே இருக்கின்றன.

நவம்பர் 5

லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் ஓட்டு. காபியும் பூசணிக்காய் ரொட்டியும் வைத்திருந்தார்கள். வரிசையில் நின்ற பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். இந்த ஊரில் இதுவரை என்னை யாரும் தொட்டதில்லை. "மார்ஜி, உனக்காகத்தான்" என்று ஒருத்தி காதில் சொன்னாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆர்லீன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சீட்டு வாங்கியவர்கள் யாரும் நன்றி சொல்லவில்லை. நானும் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

யாருக்குப் போட்டேன் என்று எழுத அவசியமில்லை. ரகசிய வாக்கெடுப்பு.

நவம்பர் 6

ஜெயித்துவிட்டார். மற்ற எல்லாப் பதவிக்கும் பத்தில் ஒன்பது யானைக்கு, வழக்கம்போல. கமிஷனர் பதவிக்கு மட்டும் அதே ஒன்பது பேரில் பெரும்பாலோர் இவருக்கு. கோர்ட் வாசல் கதவில் முடிவை ஒட்டியபோது வெர்னன் இவரைத் தூக்கிவிட்டார்.

"எல்லாம் உன்ற மைசூர்பாகுதான் மரகதம்" என்றார் இவர். இதையே ரேடியோவிலும் சொன்னார்.

யாழினி போன் செய்தாள். "சூப்பர்ம்மா. அப்பாவ நெனச்சா பெருமையா இருக்கு. மாடி ரூம இவரு ஆபீசா மாத்திக்கலாம்னு கேட்டுட்டே இருந்தாரு. நாலு வருஷம் நீ வரலேல்ல, மாத்திக்கறோம்மா." மூச்சு விடாமல் சொன்னாள். சரி கண்ணு என்றேன்.

நவம்பர் 8

ஆர்லீன் வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டார்கள். கல்லால் அல்ல. ஊரே அவளுக்குத் திருப்பிக் கொடுக்கிறதாம், மைசூர்பாகைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய் அவள் வாசலில் வீசுகிறார்கள். அந்தக் கெட்டிப்போன கடைசிப் பாகுதான் கண்ணாடியில் பட்டிருக்க வேண்டும். காரில் போகும்போது பார்த்தேன். கதவெல்லாம் நெய் வழிந்திருந்தது. இத்தனை பெட்டியில் ஒரு பெட்டியைக்கூட இவர்கள் பிரிக்கவில்லை.

நவம்பர் 10

ஆர்லீன் வந்தாள். சமையலறையில் இவரும் இருந்தார். நாற்காலி கொடுத்தார், உட்காரவில்லை.

"டாக், நான் என் வேலையைத்தான் செஞ்சேன். அதுக்கு மன்னிப்புக் கேக்க வரல. மரகதம், அட்டை வைக்காதேன்னு நான் உன்கிட்ட சொன்னேன். தண்ணீர்த் தொட்டிகிட்ட. ஊர்ல சொல்ல வேண்டாம். இவர்கிட்ட மட்டும் சொல்லு, நான் உன்னை எச்சரிச்சேன்னு. இவர் ஒரு வார்த்தை சொன்னா ஊர் நிறுத்திடும். பூனையை வெளியே விட முடியல எனக்கு."

இவர் என்னைப் பார்த்தார்.

குக்கர் விசில் வந்தது. அணைத்துவிட்டு வந்தேன். "நீ சொன்னியா ஆர்லீன்? எனக்கு நினைவில்லையே" என்றேன்.

"ஆர்லீன், என் மனைவிக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார் இவர், அந்த மாட்டு டாக்டர் குரலில், வலிக்காமல் ஊசி போடுகிற குரலில். "உங்களுக்கு இருக்கிற கஷ்டத்துல ஏதோ குழப்பம். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பருப்பைக் கடைந்தேன். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

இரவு சாப்பிடும்போது இவர், "பாவம். ஊர்க்காரங்ககிட்ட நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றார். இப்போது போய்ச் சொன்னால் வெர்னனுக்கு வருத்தமாக இருக்கும் என்றேன். அவருக்கும் அது சரியாகப் பட்டது.

நவம்பர் 30

விசாரணையைக் கைவிட்டுவிட்டார்கள். ஆர்லீன் வேலையை விட்டுவிட்டாள், அல்லது விடவைத்தார்கள். பூனை செத்துவிட்டதாம். வயதான பூனைதான்.

டிசம்பர் 19

ஆர்லீன் வீட்டு முன் சாமான் வண்டி. அரிசோனாவில் தங்கை வீட்டுக்குப் போகிறாள். நல்ல வெயில் இருக்கும். அங்கே இந்தியக் கடைகூட இருக்கும். ஊரை விட்டுப் போகிற யோகம் கடைசியில் அவளுக்குத்தான் கிடைத்தது, கேட்காமலே. எனக்கு வயிறு எரிந்ததை எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் கதவைத் திறந்தால் வாசல்படியில் என் எவர்சில்வர் டப்பா. சுத்தமாகக் கழுவித் துடைத்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை, வெறுமையாகத் தரவில்லை. உள்ளே இவருடைய அட்டை. சிரித்த முகம், கன்றுக்குட்டி, அம்பு.

அடுப்பில் போட்டேன். பளபளப்புத் தாள் சீக்கிரம் எரியவில்லை. இவர் வருவதற்குள் கரண்டியால் குத்திவிட வேண்டியிருந்தது.

ஜனவரி 9

பதவிப் பிரமாணம். தீயணைப்பு நிலையத்தில்தான் விருந்து. காலையில் தண்ணீர்த் தொட்டியைத் தனியாகச் சுற்றிவிட்டு, தலைவலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். கமிஷனர் மனைவி வராமல் எப்படி என்றார்.

வெர்னன் மைக்கில் அறிவித்தார், இந்த ஊர் டாக்கை எட்டு வருடத்துக்குக் குறைந்து விடாதாம். ஊர் ஆரவாரித்தது. இனி எல்லாத் தீபாவளிக்கும் மஞ்சள் மிட்டாய் வேண்டும் என்று ஒருவர் கத்தினார். பாகு இன்னும் கெட்டியாக இருக்கட்டும் என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜன்னல் எவருடையது என்று அங்கே தெரியாதவர் யாரும் இல்லை.

கடைசியில் இவர் பேசினார். எனக்குத் துணையாக எப்போதும் நின்றவள் என்று என் பக்கம் கையை நீட்டினார். இந்த ஊரில் இனி என் பெயரைச் சொல்ல இவர் ஒருவர்தான் மிச்சம்.

"என் மார்ஜி" என்றார்.

ஊர் கைதட்டியது. நானும் தட்டினேன்.